ரீடும் ரைட்டும் போதாது: சர்வர் நிரலுக்கு ஒரு பொது டிரான்ஸ்போர்ட் இடைமுகம்

சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்ட ரெடிஸ் என்ற தரவுத்தள சர்வரின் பழைய மூல நிரலைத் திறந்து பார்த்தால், நெட்வொர்க்கைத் தொடும் இடங்களில் எல்லாம் ஒரு சிறு முழு எண் வந்துகொண்டே இருக்கும். அதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர்: திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் இயங்குதளத்தின் மையமான கர்னல் தரும் அடையாள எண். ஒவ்வொரு கிளையண்டுக்குள்ளும் அந்த எண் இருக்கும். எந்த இணைப்பில் வேலை வந்தது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ஈவென்ட் லூப்பில் பதிவு செய்வதும் அந்த எண்ணை வைத்துத்தான். படிக்க ரீட், எழுத ரைட், முடிந்ததும் குளோஸ் என்று எல்லாம் அதே எண்ணோடு நேராகக் கர்னலுக்குப் போகும். சுருக்கமான, வேகமான, படிக்கவே இனிமையான நிரல். பத்தாண்டுக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

2020 ஏப்ரலில் வந்த 6.0 பதிப்பில், அந்த எண் இருந்த இடங்களில் பெரும்பாலும் 'கனெக்‌ஷன்' என்ற அமைப்பு வந்து உட்கார்ந்தது. காரணம் டிஎல்எஸ், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவை என்கிரிப்ட் செய்யும் நெறிமுறை. அதுவரை ரெடிஸுக்கு என்கிரிப்ஷன் வேண்டுமென்றால் எஸ்டனல், எஸ்பைப்ட் போன்ற தனி நிரலை முன்னால் நிறுத்தி, அதன் வழியாகப் பேச வேண்டும். 6.0-ல்தான் சர்வரே டிஎல்எஸ் பேசத் தொடங்கியது.

ஒரு சர்வரின் அடியில் பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் அடுக்கான டிரான்ஸ்போர்ட்டை மாற்றக்கூடியதாக வடிவமைப்பது எப்படி என்று யோசிப்பவர்கள் எல்லோரும் இந்த மாற்றத்தைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி யோசிக்க உட்கார்ந்தால் முதலில் தாளில் எழுதுவது திற, படி, எழுது, மூடு என்ற நான்கு செயல்களைத்தான். வேலையின் எளிய பகுதி அது. கஷ்டமெல்லாம் அந்த நான்குக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது படிக்கலாம் என்று யார் சொல்வது? பாதியில் நின்ற எழுத்து யார் கையில் இருக்கும்? மூடுவது என்றால் சரியாக எந்த நொடியில் மூடியதாக அர்த்தம்? ஒரு பிராசஸ் இரண்டாகப் பிரிந்தால் இணைப்பு யாருக்கு? ரெடிஸ் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் முட்டியது. அது கண்ட விடைகள் மூல நிரலில் வெளிப்படையாக இருக்கின்றன.

சாக்கெட்டே பொது இடைமுகம்தானே?

நியாயமான கேள்விதான். நெட்வொர்க்கில் பேசக் கர்னல் தரும் இணைப்பு முனையான சாக்கெட், 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தபோது அதை உருவாக்கிய பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் மனதில் இருந்ததும் இதுவே. உருவாக்கும்போது முகவரிக் குடும்பம், வகை, நெறிமுறை என்று மூன்று விவரம் தருகிறோம். இணைப்பு கிடைத்த பிறகு படிப்பதும் எழுதுவதும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றுதான். ஒரே கணினிக்குள் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டும், கண்டம் தாண்டிப் பேசும் டிசிபி சாக்கெட்டும் படிக்கிறவருக்கு ஒரே மாதிரி. ரெடிஸ் இந்த இரண்டையும் ஒரே நிரலால் வெகுகாலம் சமாளித்ததும் அதனால்தான். பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளம் இன்னும் ஒரு படி மேலே போனது. நெறிமுறையின் பெயர், முகவரி, போர்ட் மூன்றையும் ஆச்சரியக்குறியால் இணைத்து ஒரே சரமாக 'டயல்' செயலிடம் கொடுத்தால் போதும். எந்த நெறிமுறையை எப்படித் திறப்பது என்பது அழைப்பவருக்குத் தெரியவே வேண்டாம். கோ மொழியில் இருக்கும் டயல் செயல் இந்தப் பரம்பரையில் வந்தது.

சரி, பிறகு ஏன் மேலே இன்னோர் அடுக்கு? பெர்க்லி இடைமுகம் பொதுவாக இருப்பது கர்னலுக்குள் வாழும் நெறிமுறைகளுக்கு மட்டும். டிஎல்எஸ் அங்கே வாழவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்துக்குள், நம் பிராசஸின் நினைவகத்தில் அது நடக்கிறது. சாவிகள், ரெக்கார்டுகள் என்ற தரவுத் துண்டுகளின் வரிசை எண், பிரித்தும் இன்னும் யாரும் கேட்காத பைட்டுகள் எல்லாம் அங்கேதான். லினக்ஸ் 4.13-ல், 2017-ல், ரெக்கார்டுகளை என்கிரிப்ட் செய்யும் வேலையைக் கர்னலுக்குக் கொடுக்கும் வசதி வந்தது உண்மைதான். ஆனாலும் ஹேண்ட்ஷேக், அதாவது இரு முனைகளும் சாவிகளை ஒப்புக்கொள்ளும் தொடக்க உரையாடல், நூலகத்திடமே இருக்கிறது. ஆகவே ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பார்த்து 'என்ன நிலவரம்?' என்று கேட்டால், அடியில் ஓடும் டிசிபியின் நிலவரம் மட்டுமே பதிலாக வரும். மேலே டிஎல்எஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்தப் பதிலில் இருக்காது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

6.0-ன் விடை சி மொழிக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்று. ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் வகைக்கும் செயல்சுட்டிகள் (எந்தச் செயலை அழைப்பது என்று காட்டும் முகவரிகள்) அடங்கிய ஓர் அட்டவணை. இணை, ஏற்றுக்கொள், படி, எழுது, மூடு, படிக்கும் ஹேண்ட்லரை வை, எழுதும் ஹேண்ட்லரை வை, கடைசிப் பிழையைச் சொல் என்று பத்துப் பதினைந்து செயல்கள். ஹேண்ட்லர் என்பது ஒரு நிகழ்வு வந்ததும் அழைக்கப்படும் செயல். ஒவ்வொரு கனெக்‌ஷனும் தன் வகையின் அட்டவணையைச் சுட்டிக்கொண்டு, தன் நிலையையும் கூடவே வைத்திருக்கும்: இணைந்துகொண்டிருக்கிறது, ஏற்கப்படுகிறது, இணைந்துவிட்டது, மூடப்பட்டது, பிழை.

இந்த 'நிலை' என்ற புலத்தின் அருமை பிழைகளைக் கையாளும்போதுதான் தெரியும். சாதாரண சாக்கெட்டில் ரீட் மைனஸ் 1 தந்தால் கர்னலின் பிழை எண்ணைப் பார்த்து, 'இப்போது ஒன்றுமில்லை, பிறகு வா' என்பதா அல்லது உண்மையான கோளாறா என்று பிரிப்போம். டிஎல்எஸ் நூலகத்தின் பிழைகள் வேறு உலகம், அதன் எண்கள் வேறு. ரெடிஸ் என்ன செய்தது? மேலே இருக்கும் நிரல் பிழை எண்ணைப் பார்ப்பதையே நிறுத்தியது. ரீட் மைனஸ் 1 தந்தாலும் கனெக்‌ஷனின் நிலை 'இணைந்துவிட்டது' என்றே இருந்தால், பிறகு வரலாம் என்று அர்த்தம். வேறு எந்த நிலை என்றாலும் கிளையண்டை விடுவித்துவிடலாம். ஏன் என்ற காரணம் பதிவேட்டில் எழுதுவதற்கு மட்டும், ஒரு சரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முடிவெடுக்கத் தேவையானது ஒரு பக்கம், மனிதர் படிக்கத் தேவையானது மறுபக்கம் என்ற இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. பல இடைமுகங்களில் பிழை எண்களை மொழிபெயர்க்க ஒரு பெரிய அட்டவணையே இருக்கும். இங்கே அது தேவைப்படவில்லை.

காத்திருப்பது எப்படி

இந்த வடிவமைப்பின் நடுநரம்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரெடிஸின் ஈவென்ட் லூப் லினக்ஸில் ஈபோல் வழியாகவும், பிஎஸ்டி வகைகளில் கேக்யூ வழியாகவும் காத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான டிஸ்கிரிப்டர்களைக் கொடுத்து, 'இவற்றில் எதில் படிக்க ஏதாவது இருக்கிறதோ, எழுப்பு' என்று கர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிறது. டிசிபிக்கு இது அழகாகப் பொருந்தும்.

டிஎல்எஸ்ஸில் தரவு ரெக்கார்டு ரெக்கார்டாக வருகிறது. ஒன்றுக்குள் அதிகபட்சம் 16,384 பைட் தரவு. முழு ரெக்கார்டும் வந்து சேர்ந்தால்தான் அதைச் சரிபார்த்துப் பிரிக்க முடியும். நூலகம் கர்னலிடமிருந்து முழுவதையும் வாங்கிப் பிரித்துவிடுகிறது. ஆனால் நாம் கேட்டது 4,000 பைட் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி நூலகத்தின் பஃபரில், அதாவது அதன் தற்காலிகச் சேமிப்பிடத்தில், தங்கிவிடும். கர்னலின் பஃபரோ காலி. இப்போது ஈபோலில் போய்த் தூங்கினால், எழுப்ப யாரும் வரமாட்டார்கள். தபால்காரர் மொத்தக் கட்டையும் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனபிறகு, வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்தப் பக்கம் கிளையண்ட் பதிலுக்குக் காத்திருக்கிறது, இந்தப் பக்கம் சர்வர் கேள்விக்குக் காத்திருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, இணைப்பு அப்படியே நின்றுபோகும். சோதனையில் சிறு கட்டளைகளை மட்டும் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் படாது. பெரிய மதிப்புகள் வரும்போதுதான் வெளிப்படும்.

ரெடிஸ் 6.0 இதற்கு ஒரு தனிப் பட்டியல் வைத்தது. படித்து முடித்தபிறகும் நூலகத்துக்குள் மீதி இருக்கும் டிஎல்எஸ் இணைப்புகள் அந்தப் பட்டியலில் சேரும். ஈவென்ட் லூப் தூங்கப் போகும் முன் பட்டியலைப் பார்த்து, அதிலிருப்பவற்றின் படிக்கும் ஹேண்ட்லரை அழைக்கும். அதன் பிறகும் மீதி இருந்தால், 'தூங்காதே, ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திரும்பு' என்று லூப்பிடம் சொல்லும்.

இன்னொரு சிக்கல் இதைவிட விசித்திரமானது. டிஎல்எஸ்ஸில் படிப்பதற்காக எழுத வேண்டி வரலாம், எழுதுவதற்காகப் படிக்க வேண்டி வரலாம். பழைய பதிப்புகளின் மறுபேச்சுவார்த்தை, 1.3-ன் சாவிப் புதுப்பிப்பு போன்ற நேரங்களில் நூலகம் தன் சொந்தச் செய்திகளை நடுவில் அனுப்பவும் வாங்கவும் செய்யும். அப்போது படிக்கும் அழைப்பு, 'முதலில் இந்த சாக்கெட் எழுதத் தயாராகட்டும், அப்புறம் என்னைக் கூப்பிடு' என்று திரும்பி வரும். மேலிருக்கும் நிரலுக்கு இது தெரியக்கூடாது. அது 'படிக்க ஏதாவது வந்தால் சொல்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறது. ரெடிஸின் டிஎல்எஸ் கோப்பில் இதற்காக இரண்டு கொடிகள் உண்டு: படிப்பதற்கு எழுத்து வேண்டும், எழுதுவதற்குப் படிப்பு வேண்டும். கர்னல் 'எழுதலாம்' என்று எழுப்பும்போது முதல் கொடி ஏற்றப்பட்டிருந்தால், அழைக்கப்படுவது படிக்கும் ஹேண்ட்லர்.

இதிலிருந்து இடைமுகத்துக்கு ஒரு விதி கிடைக்கிறது. 'எந்த டிஸ்கிரிப்டரில் காத்திருக்க வேண்டும்?' என்று மேலிருப்பவர் கீழிருப்பவரைக் கேட்கும் இடைமுகம் முதல் நாளிலேயே ஓட்டை. 'நீ தயாரானதும் என் ஹேண்ட்லரைக் கூப்பிடு' என்று சொல்லும் இடைமுகம் தாக்குப்பிடிக்கும். டிஸ்கிரிப்டரை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு செயல், வசதிக்காக என்று சேர்த்தாலும், ஒருநாள் யாராவது அதை நேராக ஈபோலில் போட்டுவிடுவார்கள்.

6.0-ல் ஒரு குறை மிச்சம் இருந்தது. தூங்கும் முன் பார்க்கும் அந்த வேலையைச் சர்வரின் மைய நிரல் டிஎல்எஸ் என்று பெயர் சொல்லியே அழைத்தது. 2023-ல் வந்த 7.2-ல் அது பொதுவாக மாறியது. 'உன்னிடம் மீதித் தரவு இருக்கிறதா?', 'இருப்பதைக் கவனி' என்ற இரண்டும் அட்டவணையில் புதிய செயல்களாகச் சேர்ந்தன. மைய நிரல் எல்லா வகைகளையும் வரிசையாகக் கேட்கும். இல்லாத வகை அந்த இடத்தைக் காலியாக விடும். அதே மாற்றத்தில் யூனிக்ஸ் சாக்கெட் தனி வகையாகப் பிரிந்தது, ஒவ்வொரு வகையும் தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது, டிஎல்எஸ்ஸைத் தனி மாட்யூலாகக் கட்டி ஏற்றவும் வழி பிறந்தது. அட்டவணை ஏறக்குறைய இரு மடங்கானது. சின்ன இடைமுகம்தான் நல்ல இடைமுகம் என்ற பொது நம்பிக்கையோடு இது முரண்படலாம். ஆனால் சேர்ந்த ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே நிரலில் எங்கோ ஒளிந்திருந்த கேள்விதான். அதற்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

பிராசஸ் இரண்டாகும்போது

ரெடிஸ் தன் தரவைப் படம் பிடிக்க ஃபோர்க் செய்யும், அதாவது தன்னைப் போலவே இன்னொரு பிராசஸை உருவாக்கும். பெற்ற பிராசஸ் தொடர்ந்து கிளையண்டுகளைக் கவனிக்க, பிள்ளைப் பிராசஸ் அந்த நொடியின் நினைவகத்தைக் கோப்பாக எழுதும். வட்டில் எழுதாமல் நேராகப் பிரதி சர்வர்களுக்கு அனுப்பும் முறையும் உண்டு. பழைய பதிப்புகளில் பிள்ளைப் பிராசஸே பிரதிகளின் சாக்கெட்டுகளில் நேரடியாக எழுதியது. டிசிபியின் நிலை முழுக்கக் கர்னலில் இருப்பதால் பெற்றவர் எழுதினாலும் பிள்ளை எழுதினாலும் ஒன்றுதான்.

டிஎல்எஸ்ஸில் அந்த வழி மூடிவிட்டது. ஃபோர்க் ஆனதும் சாவிகளும் வரிசை எண்ணும் இரண்டு பிரதிகளாகிவிடும். பிள்ளை நூறு ரெக்கார்டு அனுப்பினால் அதன் எண் நூறு கூடும். பெற்றவரிடம் பழைய எண்ணே இருக்கும். பிறகு பெற்றவர் ஒரு வார்த்தை பேசினாலும் மறுமுனை அதை ஏற்காது. அதோடு முடியவில்லை. டிஎல்எஸ் 1.3-ல் ஒவ்வொரு ரெக்கார்டின் நான்ஸும் (ஒரே சாவியோடு ஒருமுறை மட்டும் வர வேண்டிய எண்) அந்த வரிசை எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. ஒரே சாவி, ஒரே எண், இரண்டு வேறு செய்திகள் என்று ஆனால் என்கிரிப்ஷனின் பாதுகாப்பே உடையும்.

அதனால் 6.0-ல் ஏற்பாடு மாறியது. பிள்ளை ஒரு பைப்பில், அதாவது இரு பிராசஸ்களை இணைக்கும் குழாயில், எழுதும். பெற்றவர் அதைப் படித்துத் தன் ஈவென்ட் லூப் வழியாகப் பிரதிகளுக்கு அனுப்புவார். கூடுதலாக ஒரு நகல், கூடுதலாகக் கொஞ்சம் தாமதம். கவனிக்க வேண்டியது, இந்த மாற்றம் டிஎல்எஸ் கோப்பில் நடக்கவில்லை. பிரதியெடுக்கும் நிரலில், சாதாரண டிசிபி இணைப்புகளுக்கும் சேர்த்தே நடந்தது. புதிய டிரான்ஸ்போர்ட்டுக்காக இடைமுகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இணைப்பின் நிலை எங்கே வசிக்கிறது என்பது எந்த செயலின் கையொப்பத்திலும் தெரியாது, ஆனால் நிரல் முழுக்க அதை நம்பியே எழுதப்பட்டிருக்கும். திரெட்களிலும் இதே கதை. 6.0-ல் அறிமுகமான, படிப்பதையும் எழுதுவதையும் பங்கிட்டுச் செய்யும் ஐ/ஓ திரெட்கள் டிஎல்எஸ்ஸோடு வேலை செய்யாது என்று அதன் கட்டமைப்புக் கோப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

மூடுவதும் ஏற்பதும்

மூடும் செயல் ஒரு சொல்லில் முடிகிறது. அதற்குள் மூன்று வேறு ஆசைகள் இருக்கின்றன: நான் பேசி முடித்துவிட்டேன், இனி நீ சொல்வதும் வேண்டாம், எல்லா வளத்தையும் இப்போதே விடு. டிசிபியில் முதல் ஆசையை மட்டும் தனியாகச் சொல்லலாம், அதுதான் பாதி மூடல். டிஎல்எஸ் 1.2 வரை அது முடியாது. மூடும் அறிவிப்பு வந்ததும் மறுமுனையும் தான் எழுத வைத்திருந்ததைக் கைவிட்டு உடனே மூட வேண்டும் என்பது விதி. 2018-ல் வந்த 1.3 இதைத் தளர்த்தி ஒரு பக்கத்தை மட்டும் மூட அனுமதித்தது. வெப்சாக்கெட்டில் மூடும் சட்டகம் இருக்கிறது, பாதி மூடல் இல்லை. பைத்தானின் ஏசிங்க்ஐஓ நூலகம் இந்த வேறுபாட்டை நேர்மையாக வைத்திருக்கிறது. எழுதுவதை முடிக்க ஒரு செயல், அது இங்கே முடியுமா என்று கேட்க இன்னொரு செயல். எல்லா டிரான்ஸ்போர்ட்டும் தரமுடியாத வசதியை இடைமுகத்தில் வைக்க வேண்டியிருந்தால், அதைக் கேட்டுப் பார்க்கும் வழியையும் கூடவே வைப்பதுதான் சரி. சும்மா இருந்துவிட்டு வெற்றி என்று சொல்வது கூடாது.

டிசிபியிலேயே ஒரு பொறி உண்டு. வந்து சேர்ந்த, நாம் இன்னும் படிக்காத பைட்டுகள் இருக்கும்போது மூடினால் லினக்ஸ் கர்னல் மறுமுனைக்கு ரீசெட் அனுப்பும். அப்போது நாம் கடைசியாக அனுப்பிய பதிலும் மறுமுனையில் படிக்கப்படாமலே போகலாம். 'பிழை, கட்டளை மிக நீளம்' என்று அழகாக எழுதிவிட்டு மூடும் சர்வர்களில், அந்த வரி கிளையண்டுக்குப் போய்ச் சேராமல் இருப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ஹேண்ட்லருக்குள்ளிருந்தே மூடுவது இன்னொரு விஷயம். தரவு வந்தது என்று டிரான்ஸ்போர்ட் நம் ஹேண்ட்லரை அழைக்கிறது. நாம் படித்துப் பார்த்து, சரியில்லை என்று கனெக்‌ஷனை மூடி நினைவகத்தை விடுவிக்கிறோம். ஹேண்ட்லர் திரும்பிப் போகும் இடத்தில் டிரான்ஸ்போர்ட் அதே கனெக்‌ஷனைத் தொடுகிறது. விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைகள் இப்படித்தான் பிறக்கின்றன. ரெடிஸ் ஒரு சிறு எண்ணிக்கையால் இதைத் தடுத்தது. ஹேண்ட்லரை அழைக்கும் முன் ஒன்று கூட்டும், திரும்பியதும் ஒன்று கழிக்கும். நடுவில் மூடச் சொன்னால், 'பிறகு மூட வேண்டும்' என்ற கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, எண்ணிக்கை பூஜ்ஜியமானதும் உண்மையாக மூடும்.

ஏற்றுக்கொள்ளும் பக்கத்தில் பொறி ஹேண்ட்ஷேக்கில் இருக்கிறது. டிசிபியில் ஏற்றுக்கொண்ட உடனே இணைப்பு தயார். டிஎல்எஸ்ஸில் ஹேண்ட்ஷேக் முடியச் செய்திகள் போய்வர வேண்டும், கணக்கும் நிறைய. ஏற்கும் செயலுக்குள்ளேயே அதை முடித்துவிடலாம் என்று நினைத்தால், மெதுவான ஒரு கிளையண்ட் மற்ற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிடும். ரெடிஸில் ஏற்கும் செயல் ஒரு கால்பேக்கை, அதாவது வேலை முடிந்ததும் அழைக்க வேண்டிய செயலை, வாங்கிக்கொள்கிறது. சாதாரண சாக்கெட் அதை உடனே அழைத்துவிடலாம், டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் முடிந்தபிறகு அழைக்கும். இரண்டில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால், அந்த அழைப்புக்குப் பிறகு வேறு எதையும் செய்யக்கூடாது என்று மூல நிரலில் ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலப் பதிப்புகளில் லூப்பின் ஒரு சுற்றில் எத்தனை புது இணைப்பை ஏற்பது என்பதற்கும் தனித்தனி வரம்பு வந்தது. இயல்பாகச் சாதாரண இணைப்புக்கு 10, டிஎல்எஸ் இணைப்புக்கு 1. இடைமுகம் ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றாகிவிடாது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

டிஎல்எஸ்ஸுக்குத் தனி போர்ட் வைத்ததால் ரெடிஸ் தப்பித்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி நெறிமுறை போன்றவற்றில் இணைப்பு சாதாரணமாகத் தொடங்கி, நடுவில் டிஎல்எஸ்ஸுக்கு மாறும். மாறும் நொடியில் பழைய பஃபரில் ஏற்கெனவே படித்துவைத்த பைட்டுகள் இருந்தால்? அவை என்கிரிப்ட் ஆகாமல் வந்தவை. நடுவில் இருக்கும் தாக்குபவர் திணித்தவையாகவும் இருக்கலாம். அவற்றை டிஎல்எஸ் வழியே வந்ததாக நினைத்துச் செயல்படுத்தினால் பாதுகாப்பு போயிற்று. 2011-ல் போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சர்வரிலும், 2021-ல் போஸ்ட்கிரெஸிலும் இந்த வகை ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. பஃபர் டிரான்ஸ்போர்ட்டுக்கு மேலே இருந்து, டிரான்ஸ்போர்ட் மட்டும் கீழே மாறினால் இது எங்கும் நடக்கும். மாற்றும் செயல் பஃபர் காலியா என்று பார்க்க வேண்டும், காலியில்லை என்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

யார் பேசுகிறார்கள்?

மறுமுனை முகவரி என்பது பதிவேட்டில் எழுதும் அலங்காரம் போலத் தோன்றும். உண்மையில் அது பாதுகாப்பு முடிவுகளின் உள்ளீடு. ரெடிஸில் கடவுச்சொல் வைக்காவிட்டால், பாதுகாப்பு முறை வெளி இணைப்புகளை மறுத்துவிடும். உள்ளூர் இணைப்பு மட்டும் வரலாம். யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு ஐபி முகவரி கிடையாது. ஆகவே பழைய நிரல், 'இது யூனிக்ஸ் சாக்கெட்டா? இல்லையென்றால் முகவரி லூப்பேக்கா, அதாவது இதே கணினியைக் குறிப்பதா?' என்று இரண்டு விதமாகக் கேட்டது. 7.2-ல் அட்டவணையிலேயே 'இது உள்ளூர் இணைப்பா?' என்ற செயல் வந்தது. சிறிய மாற்றம்தான், ஆனால் திசை முக்கியம். மேலிருக்கும் நிரலுக்குத் தேவைப்பட்டது வகை கிடையாது, உள்ளூரா என்ற ஒரு தகவல். வகையைக் கேட்டு முடிவெடுக்கும் ஒவ்வொரு இடமும் அடுத்த டிரான்ஸ்போர்ட் வரும்போது திருத்த வேண்டிய இடம்.

வகையைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கோ மொழியே சாட்சி. அதன் நெட் கான் இடைமுகம் இந்தத் துறையின் மிக அழகான படைப்புகளில் ஒன்று. படி, எழுது, மூடு, இரு முகவரிகள், காலக்கெடு வைக்க மூன்று செயல்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் கோரூட்டின் என்ற இலகுவான ஒரு திரெட் கொடுத்து, தடுத்து நிற்கும் பாணியில் எழுதலாம் என்பதால் நாம் மேலே பார்த்த காத்திருப்புச் சிக்கல்கள் மொழியின் ரன்டைமுக்குள் மறைந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் அதன் எச்டிடிபி சர்வர், வந்த இணைப்பு டிஎல்எஸ் வகையா என்று தட்டிப் பார்த்து, ஆமென்றால் காலக்கெடு வைத்து ஹேண்ட்ஷேக்கை முதலில் முடிக்கிறது. லினக்ஸில் கோப்பை நேராக சாக்கெட்டுக்குத் தள்ளும் விரைவு வழியும், இணைப்பு அசல் டிசிபி வகையாக இருந்தால்தான் கிடைக்கும். பைட்டுகளை எண்ணுவதற்காக ஒரு உறையைப் போட்டால், அந்த விரைவு வழி சத்தமில்லாமல் போய்விடும்.

பைத்தானின் டிவிஸ்டட், அதன் வழியில் 2014-ல் நிலைநூலகத்துக்கு வந்த ஏசிங்க்ஐஓ இரண்டும் எதிர்த் திசையில் போயின. அங்கே நாம் படிப்பதில்லை. டிரான்ஸ்போர்ட்தான் 'தரவு வந்தது' என்று நம்மிடம் தள்ளும். எழுதும் செயல் எத்தனை பைட் போனது என்று சொல்லாது, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். டிஎல்எஸ்ஸின் மீதித் தரவுச் சிக்கல் இந்த வடிவில் தானாகவே தீர்கிறது, ஏனென்றால் பிரித்ததை எல்லாம் உடனே தள்ளிவிடலாம். பதிலுக்கு வேறொரு பொறுப்பு வருகிறது. மறுமுனை மெதுவாகப் படித்தால் நம் நினைவகம் ஊதிக்கொண்டே போகும். அதனால் பஃபர் இயல்பாக 64 கிலோபைட்டைத் தாண்டினால் 'எழுதுவதை நிறுத்து' என்றும், வடிந்ததும் 'தொடரு' என்றும் ஏசிங்க்ஐஓ சொல்லும். இதைக் கேட்காமல் எழுதிக்கொண்டே இருக்கும் நிரலும் சோதனையில் நன்றாக ஓடும், பயன்பாட்டில் நினைவகம் தீர்ந்து விழும்.

பொருந்தாதவை

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஓர் இணைப்பு என்பது வரிசை மாறாத ஒரே பைட் ஓடை. 2021 மே மாதம் தரநிலையாக வெளியான குவிக் நெறிமுறை அந்த நம்பிக்கையை ஏற்பதில்லை. அங்கே ஓர் இணைப்புக்குள் பல ஓடைகள் தனித்தனியாக ஓடும். சர்வரின் ஒரே யுடிபி சாக்கெட்டில் எல்லா இணைப்புகளும் வந்து விழும். கிளையண்டின் ஐபி முகவரி நடுவில் மாறினாலும், இணைப்புக்கென்று இருக்கும் அடையாள எண்ணால் உரையாடல் தொடரும். ஆகவே ஏற்பது இரண்டு அடுக்காகிறது, முதலில் இணைப்பை, பிறகு அதற்குள் ஓடையை. இணைப்புக்கு ஒரு டிஸ்கிரிப்டர் என்ற கணக்கும் போய்விடுகிறது. குவிக்கின் ஓடை ஒன்றை மட்டும் எடுத்துப் பைட் ஓடை இடைமுகத்துக்குள் பொருத்திவிடலாம், பல நூலகங்கள் செய்வதும் அதுதான். அப்படிச் செய்தால் குவிக் எதற்காக வந்ததோ அது கிடைக்காது.

காத்திருப்பிலும் இரண்டு பள்ளிகள் உண்டு. ஈபோல் 'தயார்' என்று சொல்லும், வேலையை நாம் செய்ய வேண்டும். விண்டோஸின் ஐஓசிபியும், 2019-ல் லினக்ஸ் 5.1-ல் வந்த ஐஓ யூரிங்கும் வேலையையே முடித்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும். அதுவரை பஃபர் கர்னலின் கையில் இருக்க வேண்டும். 'இந்தா என் பஃபர், நிரப்பிக் கொடு' என்று அழைக்கும் நேரத்துக்கு மட்டும் கடன் தரும் படிக்கும் செயலால் இதை இயல்பாகச் சொல்ல முடியாது. ரஸ்ட் உலகில் இது நேரடியாகத் தெரிகிறது. டோக்கியோ என்ற நூலகத்தின் வழக்கமான படிக்கும் இடைமுகம் பஃபரைக் கடன் வாங்குகிறது, அதன் ஐஓ யூரிங் நூலகமோ பஃபரின் உரிமையையே வாங்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பித் தருகிறது.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பும் பொது டிரான்ஸ்போர்ட் இடைமுகம் என்ற இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. 2014-ல் தொடங்கிய அதன் பணிக்குழு, 2025 ஜனவரியில் ஆர்எஃப்சி 9621 முதல் 9623 வரை மூன்று ஆவணங்களாகத் தன் விடையை வெளியிட்டது. அதில் பயன்பாட்டு நிரல் நெறிமுறையின் பெயரைச் சொல்வதில்லை. நம்பகமாகப் போய்ச்சேர வேண்டுமா, வரிசை காக்க வேண்டுமா என்று தேவைகளைச் சொல்கிறது, எதைப் பயன்படுத்துவது என்பதை அமைப்பு தேர்ந்தெடுக்கிறது. பரிமாற்றத்தின் அலகு பைட் ஓடை கிடையாது, செய்தி. டிசிபி போன்ற ஓடைகளின் மேல் செய்தியின் எல்லையைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாக எழுதும் நிரலுக்கு இது நல்ல திசை என்றே நினைக்கிறேன்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பைட் ஓடை சர்வருக்கோ, ரெடிஸ் போன வழியே நடைமுறைக்கு ஒத்து வரும். 2024-ல் ரெடிஸிலிருந்து பிரிந்த வால்கீ, அதே ஆண்டு வெளியிட்ட 8.0 பதிப்பில் ஆர்டிஎம்ஏ வழியாகப் பேசும் வசதியைச் சோதனை முறையில் சேர்த்தது. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு நெட்வொர்க் அட்டையே தரவை நகர்த்தும் முறை அது. அங்கே கர்னலின் ரீடும் கிடையாது, ரைட்டும் கிடையாது. அதுவும் அதே அட்டவணையை நிரப்பி, தன்னைப் பதிவு செய்துகொண்டு, இன்னொரு கனெக்‌ஷன் வகையாகத் தனிக் கோப்பில் உட்கார்ந்தது.

இப்படி ஒரு அடுக்கை எழுதப் போகிறவர்கள் டிசிபிக்கு அடுத்து உடனே செய்ய வேண்டியது, சோதனைக்கென்று நினைவகத்துக்குள்ளேயே ஓடும் ஒரு டிரான்ஸ்போர்ட். அது வேண்டுமென்றே முரண்டு பிடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே பைட் தர வேண்டும். பத்து பைட் எழுதச் சொன்னால் மூன்றை மட்டும் ஏற்க வேண்டும். தன் பஃபரில் மீதியை வைத்துக்கொண்டு வெளியே காலி என்று காட்ட வேண்டும். ஏற்கும் கால்பேக்கைச் சில நேரம் உடனேயும் சில நேரம் தாமதித்தும் அழைக்க வேண்டும். ஹேண்ட்லருக்குள்ளிருந்து மூடச் சொல்லும் கிளையண்டுகளை அதன் மேல் ஓட விட வேண்டும். கோ மொழியின் நெட் பைப் இதில் ஒரு பகுதியைத் தருகிறது: அதில் நடுவே பஃபரே இல்லாததால், மறுமுனை படிக்கும்வரை எழுதுபவர் நின்றுதான் ஆக வேண்டும். மற்றவற்றை நாமே எழுதிக்கொள்ளலாம், சில நூறு வரிகள்தான் வரும். அந்த டிரான்ஸ்போர்ட்டில் சர்வர் தடுமாறாமல் ஓடும்வரை டிஎல்எஸ் நூலகத்தைச் சேர்க்க வேண்டாம். சேர்த்த பிறகு வரும் தொங்கல் டிஎல்எஸ்ஸால் வந்ததா, ஏற்கெனவே நம் லூப்பில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இருக்காது.